எங்கூர்ப் புலம்பலின் வரலாறு

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்திருந்தார். காலையில் அவரை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் பேச்சையும் கேட்டுட்டு, திரும்பி வரும்போது சொன்னார்:

"என்னங்க, உங்க ஊர்ல யாரும் ஒரு நல்ல சேதிகூடப் பேச மாட்டாங்களா? தக்காளியை மயில் கொத்துது, தென்னையில வெள்ளை ஈ, களை எடுக்க ஆள் கிடைக்கல, கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. எல்லாமே புலம்பல்தான். ஆனா சொல்றவர் சிரிச்சுக்கிட்டே சொல்றார், கேக்கறவரும் சிரிச்சுக்கிட்டே கேக்கறார். எனக்கு ஒண்ணும் புரியல."

அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அது அப்படித்தானுங்க" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நெல்லுக்கு வரலாறு இருக்கிற மாதிரி, மாட்டுக்கு வரலாறு இருக்கிற மாதிரி, எங்கள் புலம்பலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அவினாசி வட்டாரத்து விவசாயி ஒருத்தன் தெரிந்த வரைக்கும் அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் "சௌக்கியமா" என்று கேட்பது குறைவு. "மழை உண்டுங்களா உங்க பக்கம்?" என்றுதான் ஆரம்பிக்கும். நன்றாகவே பெய்திருந்தாலும் பதில், "எங்கீங்க, ஏதோ ரெண்டு தூத்தல். புழுதிகூட அடங்கல" என்றுதான் வரும். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. கேட்கிறவர் ஊரில் பெய்யாமல் இருந்தால் அவர் மனசு கஷ்டப்படுமே என்ற மரியாதை பாதி. நம்ம விளைச்சல் மேல் கண்ணு பட்டுருமோ என்ற பயம் பாதி. நல்லதை அடக்கிச் சொல்வதும், கெட்டதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் இங்கே பழகிப்போன நாகரிகம். அதனால்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

இனி கதைக்கு வருகிறேன்.

கொங்குப் பகுதியில் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கு 'கவலை' என்று பேர். மற்ற பக்கம் கமலை, கபிலை என்பார்கள். எங்களுக்குக் கவலைதான். 'கவலை ஓட்டுறது' என்றால் தண்ணீர் இறைப்பது. மனக் கவலைக்கும் அதுவே வார்த்தை. எங்க அப்பாரு இதை வைத்தே கேலி பேசுவார்: "நாங்க அந்தக் காலத்துல கவலை ஓட்டுனோம். நீங்க கவலைப்படறதோட சரி."

கவலையின் அமைப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் உருளை இருக்கும். அதன் வழியாகப் பெரிய வடக்கயிறு இறங்கும். கயிற்றின் முனையில் சால். சாலுக்குக் கீழே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் தும்பி. கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கும் மண் பாதையில் மாடுகள் இறங்கும்போது சால் நிறைந்து மேலே வரும், தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னால் ஏறும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். இப்படி இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, விடியற்காலம் இருட்டில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரைக்கும் ஓடும்.

இதில் ரெண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கவலை ஓட்டுவது தனியாள் வேலை இல்லை. மாட்டை ஓட்ட ஒருத்தர், வயலில் மடை திருப்பித் தண்ணி கட்ட ஒருத்தர் வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, பல கிணறுகள் கூட்டுக் கிணறுகள். பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நிலத்தோடு சேர்த்து, கிணற்றில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. முறை மாறும்போது கிணற்று மேட்டில் சந்தித்தே ஆக வேண்டும். "ஊத்து எப்படி? சால் நிறையுதா? பாறை தெரிஞ்சிருச்சா?" என்ற பேச்சு அங்கேதான். சண்டையும் அங்கேதான். பங்காளிச் சண்டை பாதி கிணற்று மேட்டில் பிறந்ததுதான். ஆனால் ஒருவருடைய கிணறு வற்றினால் நாலு பேருக்கும் வற்றும். அதனால் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

இதையெல்லாம் பொற்காலம் மாதிரி சொல்லிவிடக்கூடாது. தோல் தும்பியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் மக்கள். பல தோட்டங்களில் வருஷக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்து கவலை ஓட்டியதும் அவர்கள்தான். அவர்கள் ஓட்டிய கவலை எங்கள் வயலுக்கு. அவர்களுடைய கவலையை யாரிடம் சொன்னார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதைகளில் இல்லை. அப்பாரு சொன்ன நூறு கதையில் ஒன்றில்கூட எனக்கு அது கிடைக்கவில்லை.

1932ல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கோவைக்கு மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. 1937ல் ஜி.டி. நாயுடுவும் தி. பாலசுந்தரமும் சேர்ந்து கோவையிலேயே மின் மோட்டார் தயாரித்தார்கள். அந்த ஊரே பிற்பாடு மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊராகிவிட்டது. 1957ல் மின்சார வாரியம் அமைந்தது. அதற்கப்புறம் கம்பங்கள் கிராமம் கிராமமாக நடப்பட்டன. ஒவ்வொரு தோட்டமாகக் கவலை நின்றது. மாடு பின்னால் ஏறுகிற சத்தம் நின்று, மோட்டார் சத்தம் வந்தது.

அப்பாருக்கு முதலில் அது பிடிக்கவில்லையாம். "பேச்சுத் துணை இல்லாம என்னடா வெள்ளாமை" என்றாராம். ஸ்விட்சைப் போட்டால் தண்ணி வந்துவிடும். இரண்டாவது ஆள் தேவையில்லை. கிணற்று மேட்டில் முளைத்த பேச்சு, போக இடம் இல்லாமல் நின்றது. அதே காலத்தில்தான் எங்கள் ஊர் முக்கில் டீக்கடை வந்தது.

டீ நமக்கு ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேயிலைத் தோட்டம் வந்துவிட்டாலும், விளைந்தது பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போனது. 1903ல் தேயிலைக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் டீ குடிக்கச் சொல்லி விளம்பரம் செய்ய ஒரு குழு அமைத்தார்கள். 1930களில் வெளிநாட்டுச் சந்தை சரிந்தபோது, உள்நாட்டில் ஊர் ஊராகப் போய் எப்படி டீ போடுவது என்று காட்டிக் கொடுத்துப் பழக்கினார்கள். அதுவரைக்கும் காலையில் பழைய சோத்துத் தண்ணியும் கம்பங்கூழும் குடித்த ஊர் இது. கூழ் குடிக்க வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. டீ குடிக்கப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு வித்தியாசம் போதும், ஊர்ப்பேச்சுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது.

பெஞ்சுக்கு இன்னொரு துணையும் சேர்ந்தது. 1942ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியை ஆரம்பித்தார். எளிய தமிழ், கொட்டை எழுத்துத் தலைப்பு. டீக்கடைக்கு ஒரு பேப்பர் வந்தால் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். படித்து முடிப்பதற்குள் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கருத்து வந்துவிடும். ரேடியோவும் அப்படித்தான். 1939ல் தொடங்கிய திருச்சி வானொலி இந்தப் பக்கமும் கேட்டது. வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டி ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் கூட்டம் கூடும். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 ரக நெல்லை வானொலியில் கேட்டே நட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ரேடியோவில் ஒரு குறை, அதை எதிர்த்துப் பேச முடியாது. "உரத்தை இத்தனை கிலோ போடு" என்று அது சொன்னால், "உரம் உங்கப்பனா தருவான்" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் சொல்ல முடியும். அப்படிச் சொல்லித்தான் பேச்சு வளர்ந்தது.

ஆனால் அந்தப் பெஞ்ச் எல்லாருக்குமான பெஞ்ச் இல்லை. 1950ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்குப் பல பத்து வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குத் தனி டம்ளர். அதையும் வெளியே நின்றோ குத்த வைத்தோ குடித்துவிட்டு, அவர்களே கழுவி வைக்க வேண்டும். நான் சின்னப் பையனாக இதைப் பார்த்திருக்கிறேன். எல்லாத்தையும் அலசிய அந்தப் பெஞ்சில் அதைப் பற்றி மட்டும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெண்களும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்கு ஊர்க்கிணறு, களை வெட்டும் காடு, பிற்பாடு குழாயடி, ரேஷன் கடை வரிசை. 'குழாயடிச் சண்டை' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் தண்ணி வந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? எங்க அம்மிச்சி சொல்லும்: "ஆம்பளைங்க டீக்கடையில பேசுனா அரசியல், நாங்க குழாயடியில பேசுனா சண்டையா?"

இப்போது இந்த வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வெறும் புலம்பல், புலம்பலாகவே நிற்காமல் போன காலம் அது.

மோட்டார் வந்ததும் புது வகைக் கவலை ஒன்று வந்தது: கரண்ட் பில். மாட்டுக்குத் தீனி போட்டால் போதும், மோட்டாருக்குப் பணம் கட்ட வேண்டும். மழை பொய்த்தாலும் பில் வரும், பருத்தி விலை விழுந்தாலும் பில் வரும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கவலை ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு கிணற்றின் ஆழமும் வேறு, ஒவ்வொருவர் மாடும் வேறு. பில்லில் யூனிட் விலை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. எங்கூர் டீக்கடையில் ஒருத்தர் புலம்பியதை, இருபது மைல் தள்ளி இன்னொரு டீக்கடையில் இன்னொருத்தர் அப்படியே புலம்பிக்கொண்டிருந்தார். அவர்களை ஒன்று சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கோவை பக்கத்து வையம்பாளையத்துக்காரர் சி. நாராயணசாமி நாயுடு அந்த ஆள்.

1970ல் விவசாய மின்கட்டணம் உயர்ந்தபோது கோவை மாவட்டத்தில் போராட்டம் வெடித்தது. அப்போது இன்றைய திருப்பூரும் ஈரோடும் கோவை மாவட்டத்துக்குள்தான். உயர்வு யூனிட்டுக்குப் பைசாக் கணக்குதான். நகரத்தில் இருந்தவர்களுக்கு, பைசாவுக்காகவா இத்தனை ரகளை என்று தோன்றியிருக்கும். 1970 ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு டிவிஎஸ் வண்டியில் போய்விடலாம். 1972ல் மறுபடி கட்டணம் உயர்ந்தபோது, கட்டை வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்துச் சாலைகளில் நிறுத்திவிட்டார்கள். எந்த மாடுகளுக்குக் கிணற்று மேட்டில் வேலை போனதோ, அந்த மாடுகளே வண்டியில் பூட்டிப் போய் நகரத்தை நிறுத்தின. அந்த வருஷம் ஜூலை 5ஆம் தேதி நடந்த போராட்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இன்றைக்கும் விவசாயச் சங்கங்கள் ஜூலை 5ஐத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கின்றன. 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. நாயுடு 1984 டிசம்பரில் இறந்துவிட்டார். 1990ஐ அவர் பார்க்கவில்லை.

அப்பாரு அந்தக் கட்டை வண்டிப் போராட்டத்துக்குப் போனவர். "பேசிப் பேசித்தான்டா போனோம். டீக்கடையில பேசாம இருந்திருந்தா, எனக்கு மட்டும்தான் கஷ்டம்னு நெனச்சுட்டு வீட்லயே படுத்திருப்போம்" என்பார். என் நண்பருக்கு அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கரண்ட் இலவசமானதும் பில் போனது. பில் போனதும் எல்லாருக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரு கணக்கும் போனது. தண்ணீர் இறைக்கச் செலவில்லை என்றானதும் எல்லாரும் இறைத்தோம். நானும்தான். கிணறுகள் வற்ற ஆரம்பித்தன. திருச்செங்கோட்டு போர் வண்டிகள் ராத்திரி பகலாகத் தோட்டங்களுக்குள் வந்தன. முதலில் 300 அடி, அப்புறம் 600, இப்போது 1000 அடி தாண்டியும் புகைதான் வருகிறது. பழைய கிணற்றில் பத்து பேர் எட்டிப் பார்த்து எத்தனை அடி தண்ணி என்று சொல்லலாம். ஆறரை அங்குல போர்க்குழிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பங்கும் இல்லை, முறையும் இல்லை. அவரவர் குழி, அவரவர் கடன்.

இதன் விலை என்ன என்பதை எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா விஷயத்தில்தான் கண்டேன். டீக்கடையில் அவரை மிஞ்சிப் புலம்ப ஆள் கிடையாது. 2012ல் ஊரெல்லாம் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில், கரண்ட் ஆபீஸ்காரர் மாதிரியே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவர். கொஞ்ச வருஷம் கழித்து அவர் புலம்புவதை நிறுத்திவிட்டார். "எப்படீங்க மாமா இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கறனப்பா" என்பார். அடுத்தடுத்து நாலு போர் போட்டு நாலும் பொய்த்திருந்தது. வட்டிக்கு வாங்கியிருந்தார். போர் வண்டி வந்த சத்தம் எங்கள் எல்லார் காதிலும் விழுந்ததுதான். ஆனால் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2017ல் ஒரு நாள் அவர் காட்டில் மஞ்சள் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். சைட் போட விற்றுவிட்டார். ஊர்க்காரருக்கு அப்போதுதான் தெரியும். புலம்புகிற மனுசன் "நல்லா இருக்கறன்" என்று சொன்ன அன்றைக்கே நான் போய் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியாக எங்கள் பக்கத்தின் மிக நீளமான புலம்பலைச் சொல்லிவிடுகிறேன். "அத்திக்கடவு வருமுங்களா?" பவானி ஆற்றில் மிஞ்சிப் போகிற தண்ணீரை எங்கள் வறண்ட குளங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது காமராஜர் காலத்திலிருந்து கேட்டுவரும் கோரிக்கை. ஒவ்வொரு தேர்தலிலும் வரும், போகும். ஒரு கட்டத்தில் அது கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால், "அத்திக்கடவு வந்ததும் தர்றனுங்க" என்பார்கள். ஆனால் கேலியாகவாவது அந்தப் பேர் மூன்று தலைமுறை வாயில் இருந்தது. 2016ல் அவினாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தபோது, எங்களை யாரும் விளக்கிச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாருக்குத் தெரிந்த கதை, எனக்குத் தெரிந்த கதை, என் பையனுக்கும் தெரிந்த கதை. 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1045 குளம் குட்டைகளுக்கான திட்டம் இது.

எங்கள் குட்டைக்குத் தண்ணீர் வந்த அன்றைக்கு ஊரே போய்ப் பார்த்தது. மாமாவும் டவுனிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "குழாய் ரொம்பச் சின்னதாப் போட்டுட்டானுங்கடா. இந்த லட்சணத்துல எப்ப ரொம்பறது?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "வாங்க மாமா, டீ குடிக்கலாம்" என்றேன். பெஞ்சில் இடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். அவருடைய அப்பா அந்தக் கடைக்கு வெளியே குத்த வைத்துக் குடித்தவர். மூன்று பேருமாகக் குழாய் சின்னதாப் போச்சு என்று அரை மணி நேரம் திட்டினோம்.